சுளகு பிடித்த கை

போன மாதம் பம்பலப்பிட்டியில் ஒரு கடையில் நின்றேன். என்னோடு வேலை செய்கிற ஒருவர், ஓய்வுபெற்ற தன் தாய் தகப்பனுக்குப் புது ரீவி வாங்கப் போனவர், "உங்கட அம்மா கேம் விளையாடுறவா எண்டு சொல்லுவீங்களே, ஒருக்கா வந்து பாத்துச் சொல்லுங்கோ" என்று என்னையும் கூட்டிக்கொண்டு போனார். கடைப் பையன் பொறுமையாக எல்லாம் எடுத்துக் காட்டினான். புதிய கேம் பெட்டி ஒன்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, டிஸ்க் எங்கே போடுவது என்று கேட்டேன். "இதில டிஸ்க் போடுற இடம் இல்ல மிஸ். வேணுமெண்டா அதைத் தனியா வாங்கிப் பூட்டலாம். ஆனா படம் பாக்கிறதுக்கு ஏன் இது? ரீவியிலயே எல்லாம் வருதுதானே" என்றான். நண்பருக்கு அது நியாயமாகப் பட்டது. ரீவியை மட்டும் ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு போனார்.

பையன் சொன்னதில் பிழை ஒன்றுமில்லை. ஆனால் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுப் படுத்த பிறகும் அந்தப் பதில் என்னை விடவில்லை. 2011 இல் எங்கள் வீட்டுக்கு வந்த பெட்டியிலும் டிஸ்க் போடுகிற வாய் இல்லாமல் இருந்திருந்தால், அம்மா தன் வாழ்நாளில் ஒரு வீடியோ கேமைத் தொட்டிருக்கமாட்டார். நானும்தான். அது எங்கள் ஹோலுக்குள் வந்ததே படம் பார்க்கிற பெட்டி என்ற பெயரில்தான். கேம் என்று சொல்லிக்கொண்டு வந்திருந்தால் வாசலோடு நின்றிருக்கும்.

படம் ஓடிய வீடு

அப்பாவுக்குப் படம் என்றால் உயிர். இளந்தாரியாக இருந்தபோது வின்சரிலும் மனோகராவிலும் முதல் நாள் காட்சிக்கு சைக்கிளில் போய் நின்ற கதைகளை இன்றைக்கும் சொல்வார். தொண்ணூறுகளின் தொடக்கத்தில், யாழ்ப்பாணத்தில் கரண்ட் இல்லாத காலத்தில், ஒழுங்கையில் யாராவது ஜெனரேற்றரும் டெக்கும் வாடகைக்கு எடுத்தால் அப்பாதான் முதல் ஆள். முற்றத்தில் பாய் விரித்து விடிய விடிய மூன்று நான்கு படம் ஓடும். மற்றவர்கள் படத்தைப் பார்ப்பார்கள். அப்பா வயர் இழுப்பார், வெளிச்சம் மங்கினால் எழும்பி ஓடிப்போய் ஜெனரேற்றரைப் பார்ப்பார், கசெற்றை மாற்றுவார். நான் பாதியில் நித்திரையாகிவிடுவேன். ஜெனரேற்றரின் சத்தம் நின்றதும் முழிப்பு வரும்.

கொழும்புக்கு வந்த பிறகு வெள்ளவத்தையில், கடலுக்கு இறங்குகிற ஒரு லேனில், மூன்றாம் மாடியில் எங்கள் வீடு. கீழே கரையோர ரயில் போகும்போது யன்னல் கண்ணாடி நடுங்கும். அப்பா ஓய்வுபெற்றதும் முதலில் வாங்கியது நாற்பது அங்குல ரீவியும், ஐந்து ஸ்பீக்கரும் ஒரு பெரிய பேஸ் பெட்டியும் சேர்ந்த ஹோம் தியேட்டர் செற்றும்தான். பின்பக்க ஸ்பீக்கர் இரண்டையும் செற்றிக்குப் பின்னால், சாமிப்படத்துக்கு இடைஞ்சல் வராமல், அளந்து அளந்து பூட்டினார். அதற்கேற்ற பிளேயர் இல்லை என்பதுதான் மிச்சக் குறை. துபாயில் இருந்த அண்ணா 2011 இல் லீவில் வந்தபோது சோனி கம்பனியின் பிளேஸ்டேஷன் 3 ஒன்று கொண்டுவந்தார். "புளூரே பாக்கிறதுக்கு உதுதான் நல்லது எண்டு அங்க எல்லாரும் சொல்லுறாங்கள்" என்றார். புளூரே என்றால் டிவிடியை விடத் தெளிவாகப் படம் காட்டுகிற டிஸ்க். அதில் கேமும் விளையாடலாம் என்பதை அண்ணா சொன்னாரோ இல்லையோ, எங்களில் ஒருவரும் காதில் வாங்கவில்லை.

அண்ணா மட்டுமில்லை, உலகம் முழுக்கப் பலர் இப்படித்தான் வாங்கினார்கள். 2006 நவம்பரில் பிளேஸ்டேஷன் 3 வெளிவந்தபோது அமெரிக்காவில் அதன் விலை 499 டொலரும் 599 டொலரும். அதே வருடம் சாம்சங் விட்ட முதல் புளூரே பிளேயர், வெறும் படம் மட்டும் காட்டுகிறது, 999 டொலர். அதற்கு முன் 2000 ஆம் ஆண்டு மார்ச்சில் ஜப்பானில் பிளேஸ்டேஷன் 2 வந்தபோதும் மலிவான டிவிடி பிளேயர் என்று நினைத்தே வாங்கியவர்கள் ஏராளம். சோனிக்கு இதில் கணக்கு இருந்தது: கேம் கேட்கிற பிள்ளைகளின் கையால் தன் டிஸ்க்கை வீடு வீடாகச் சேர்ப்பது. அந்தக் கணக்குப் பலித்தது, 2008 பெப்ரவரியில் தொஷிபா, புளூரேக்குப் போட்டியாக இருந்த தன்னுடைய எச்டி டிவிடியைக் கைவிட்டது. எங்கள் வீட்டில் நடந்தது நேர் எதிர். டிஸ்க் கேட்ட அப்பாவின் கையால் கேம் உள்ளே வந்து சேர்ந்தது.

இங்கே ஒரு சின்ன விஷயத்தைச் சொல்லவேண்டும். பின்னால் நடந்ததுக்கு அதுதான் அடி என்று இப்போது நினைக்கிறேன். அந்தப் பெட்டிக்குச் சாதாரண றிமோட் பேசாது. தனியாக ஒரு புளூடூத் றிமோட் விற்றார்கள், அண்ணா அதை வாங்கவில்லை. ஆகவே அப்பா படம் போடுவதும் நிறுத்துவதும் ஓட்டுவதும் எல்லாம் கேம் கொன்ட்ரோலரால்தான். எக்ஸை அமர்த்தினால் ஓடும், வட்டத்தை அமர்த்தினால் பின்னுக்குப் போகும், முக்கோணம் பட்டியலைக் காட்டும். சமையலறையில் குக்கர் மூன்றாம் விசில் அடித்தால் அம்மா எழும்பிப் போகும்போது தானே நடுவில் இருக்கிற ஸ்டார்ட் பொத்தானை அமர்த்திவிட்டுப் போவார். ஒன்றரை வருடம் இப்படியே போனது. கேம் என்ற நினைப்பே இல்லாமல், அந்தச் சாமான் எங்கள் கைக்குப் பழகிவிட்டது. அது ரீவி றிமோட்டுக்குப் பக்கத்தில், அப்பாவின் மூக்குக்கண்ணாடிக்குப் பக்கத்தில் கிடக்கிற இன்னொரு வீட்டுச் சாமான்.

ஓடாத படம்

2012 டிசம்பரில் சித்தியின் மகன் ரொறொன்ரோவிலிருந்து வந்தான். அவனிடம் அப்பா ஒரு படம் கேட்டிருந்தார். தன் இருபதாவது வயதில் பார்த்த ஒரு பழைய ஆங்கிலப் படம், துப்புரவாக்கி புளூரேயில் வந்திருக்கிறது என்று எங்கேயோ வாசித்துவிட்டுக் கேட்டது. அவன் மறக்காமல் கொண்டுவந்தான். அப்பா குளித்து, பகலிலேயே திரைச்சீலையை இழுத்து மூடி, செற்றியில் வந்து உட்கார்ந்து டிஸ்க்கைப் போட்டார். ஓடவில்லை. இந்த வலயத்துக்கு உரியதில்லை என்று ஒரு வரி திரையில் வந்து நின்றது. படக் கம்பனிகள் புளூரேக்காக உலகத்தை மூன்று வலயமாகப் பிரித்து வைத்திருக்கின்றன. கனடா முதலாவதில், பெட்டி வாங்கிய துபாய் இரண்டாவதில், நாங்கள் இருக்கிற கொழும்பு மூன்றாவதில். அப்பா எதுவும் பேசவில்லை. டிஸ்க்கை வெளியில் எடுத்து, உறைக்குள் போட்டு, உறையின் முகப்புப் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அவரைப் பார்க்கவே ஒரு மாதிரி இருந்தது.

பையனுக்கும் முகம் செத்துப் போனது. ஏதாவது செய்யவேண்டுமே என்று தன் பையைக் கிளறி இன்னொரு டிஸ்க்கை எடுத்தான். "பெரியப்பா, இது ஓடும். கேமுக்கு ரீஜன் பாக்கிறேல்ல. போட்டுப் பாப்பமா?" அது தட்கேம்கம்பனி என்கிற சின்ன நிறுவனம் செய்த மூன்று கேம்களை ஒன்றாகப் போட்டு அந்த ஓகஸ்டில் வந்த டிஸ்க். அவன் தனக்காகக் கொண்டுவந்தது. ஒரே அளவு, அதே புளூரே. படத்துக்குப் போட்ட வேலியைக் கேமுக்குப் போடவில்லை. பெட்டி சத்தமில்லாமல் அதை விழுங்கி, திரையில் ஒரு யன்னலைக் காட்டியது.

யன்னல் என்றால் மாடிவீட்டு யன்னல். வெளியே மங்கலான ஒரு நகரம், வாகன இரைச்சல். யன்னல் கட்டையில் ஒரு பூச்சாடி. அம்மா அப்போது ஹோல் நிலத்தில் கால் நீட்டியிருந்து, மடியில் சுளகை வைத்து உழுந்தில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்துவிட்டு, "உது எங்கட பல்கனி மாதிரியல்லோ இருக்கு" என்றார்.

அந்தக் கேமின் பெயர் ஃபிளவர். 2009 பெப்ரவரியில் வந்தது. அதை எண்ணிச் செய்தவர் ஜெனோவா சென், ஷாங்காயில் பிறந்து அமெரிக்காவுக்குப் படிக்கப் போனவர். நகரத்து யன்னலில் இருக்கிற பூச்சாடி காணுகிற கனவுதான் ஒவ்வொரு கட்டமும். கனவுக்குள் போனால் கண்ணுக்கெட்டிய தூரம் புல்வெளி. நாங்கள் காற்று. ஒரு பூவைத் தொட்டால் அது விரியும், ஒரு இதழ் கழன்று காற்றோடு சேர்ந்து வரும், ஒரு சுரம் கேட்கும். அடுத்த பூ, அடுத்த இதழ், அடுத்த சுரம். ஏதாவது ஒரு பொத்தானை அமர்த்தியபடி இருந்தால் காற்று வீசும். கொன்ட்ரோலரைச் சரித்தால் காற்று அந்தப் பக்கம் திரும்பும். அவ்வளவுதான். பேச்சில்லை, எழுத்தில்லை, எதிரியில்லை, தோற்பதில்லை.

முதலில் அப்பாவிடம் கொடுத்தான். அப்பா அதை பஸ் ஸ்டியரிங் மாதிரி வெட்டி வெட்டித் திருப்பினார். இதழ் மேலே போய்த் தலைகீழாக விழுந்தது, பூவைத் தாண்டிப் போனது, சுற்றிச் சுற்றி வந்தது. "ஸ்லோவா, பெரியப்பா, ஸ்லோவா" என்று பையன் சொல்லச் சொல்ல அப்பாவின் தோளும் சேர்ந்து ஆடியது. நிலத்தில் இருந்தபடி அம்மா சொன்னார்: "இஞ்சேருங்கோ, உப்பிடி உதறினாச் சிந்திப்போகும். மெல்லச் சரியுங்கோ."

சிந்திப்போகும் என்ற அந்தச் சொல் என் காதில் அப்படியே இருக்கிறது. அப்பா திரும்பி, "அப்ப நீர் ஒருக்காப் பிடிச்சுப் பாருமன்" என்றார். "எனக்கு உதெல்லாம் வராது" என்றார் அம்மா. முப்பது வருடம் கணிதம் படிப்பித்தவர். 'வராது' என்று ஒரு பிள்ளை வகுப்பில் சொன்னால் விடமாட்டார், பக்கத்தில் இருத்திச் செய்ய வைப்பார் என்று அவரிடம் படித்தவர்கள் இன்றைக்கும் சொல்வார்கள். அவர் வாயிலேயே அந்தச் சொல் வந்தது அவருக்கே பிடிக்கவில்லையோ என்னவோ, ஒரு நிமிடம் பேசாமல் இருந்தார். பிறகு சுளகை ஒரு பக்கம் வைத்து, ஹவுஸ்கோட்டில் கையைத் துடைத்துக்கொண்டு, "சரி, தா" என்றார்.

அவர் பிடித்த பிடியை நான் சொல்லவேண்டும். இரண்டு உள்ளங்கையும் கீழே, பெருவிரல்கள் மட்டும் மேலே, முழங்கைகள் விலாவோடு ஒட்டி. அப்பா பிடித்தது போலவோ பையன் பிடித்தது போலவோ இல்லை. அது சுளகு பிடிக்கிற பிடி. புடைத்துக் கொழிக்கும்போது உமி ஒரு பக்கமும் மணி ஒரு பக்கமும் போவதற்கு மணிக்கட்டு எவ்வளவு சரியவேண்டுமோ அவ்வளவுதான் சரிந்தது. அதற்கு மேல் ஒரு மயிரிழையும் இல்லை. இதழ் எழும்பி, புல்லின் தலையைத் தடவிக்கொண்டு, ஒரு வரிசைப் பூவை ஒன்றும் தப்பவிடாமல் திறந்துகொண்டு போனது. ஒவ்வொரு பூவுக்கும் ஒரு சுரம். வரிசை முடிந்த இடத்தில் காய்ந்து கிடந்த புல் எல்லாம் ஒரே மூச்சில் பச்சையானது. காற்றின் இரைச்சல் முன் ஸ்பீக்கரிலிருந்து பின் ஸ்பீக்கருக்குப் போக, அம்மா தலையைத் திருப்பிப் பின்னால் பார்த்தார். "எவ்வளவு பெரிய வளவு" என்றார், தனக்குத்தானே.

பையன் வாயைத் திறந்தபடி இருந்தான். "பெரியம்மா, நீங்க முந்தி விளையாடியிருக்கிறீங்களா?" என்று கேட்டான். அம்மாவுக்கு அது கேட்கவில்லை. கீழே பாணந்துறை ரயில் போய் யன்னல் கண்ணாடி நடுங்கியதும் கேட்கவில்லை. உழுந்து ஊறப்போடாமல் கிடந்தது. அன்றைக்கு இரவு எங்களுக்குக் கடைப் பாணும் சம்பலும்.

எனக்கு அன்றைக்குத்தான் ஒன்று விளங்கியது. விளையாடத் தெரியாதவர்கள் என்று நாங்கள் ஒதுக்கி வைத்திருக்கிற ஆட்களின் கையில் ஏற்கனவே ஏராளம் இருக்கிறது. கோலம் போட்ட விரல், தையல் மெசினின் காலோட்டம், சுளகின் சரிவு. அந்தக் கையைத் தேடிவந்து தொடுகிற மாதிரி ஒரு கேம் கிடைக்கவேண்டும், அது அவர்கள் இருக்கிற அறையில் இருக்கவேண்டும். அம்மாவுக்கு இரண்டும் ஒரே பின்னேரத்தில் தற்செயலாக வந்து சேர்ந்தன. இந்தத் தற்செயல்தான் என்னைக் கரைச்சல்படுத்துகிறது. ஒரு படம் ஓடாமல் போனதால், ஒரு றிமோட் வாங்காமல் விட்டதால் கிடைத்த சந்தோசம் இது. எத்தனை வீட்டில் இப்படி அமையும்?

ஐந்தாவது கனவு

பையன் திரும்பிப் போகும்போது டிஸ்க்கை விட்டுவிட்டுப் போனான். ஜனவரி முழுவதும் பின்னேரம் நாலரைக்கு, தேத்தண்ணி குடித்த பிறகு, அம்மா அரை மணித்தியாலம் விளையாடுவார். அப்பா பக்கத்தில் இருந்து பார்ப்பார். பார்ப்பது என்றால் படம் பார்ப்பது போலவே, ஒலியைக் கூட்டிக் குறைத்து, "அந்த மூலையில ஒண்டு விட்டிட்டீர்" என்று சொல்லிச் சொல்லி. அப்பா அதற்குப் பிறகு தானாகக் கொன்ட்ரோலரைக் கேட்டதே இல்லை. ஜெனரேற்றர் காலத்தில் வயர் இழுத்தவர் அல்லவா, ஓடவைக்கிற ஆளாக இருப்பதுதான் அவருக்குச் சந்தோசம். விளையாடுகிறவர் ஒருவர், பார்க்கிறவர் இருவர். அதனால் அது ஹோலில் நடக்கிற ஒரு காரியமானது. யாராவது வந்தால் அவர்களும் இருந்து பார்த்தார்கள். கீழ்வீட்டு ஆச்சி ஒருநாள் வந்து முழுக் கட்டத்தையும் பார்த்துவிட்டு, "நல்ல படம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மூன்றாவது கனவில் காற்றாலைகள் சுழலத் தொடங்கின. நாலாவது இரவு, விளக்குகள் எரிந்தன. ஐந்தாவதில் வானம் இருட்டிக்கொண்டு வந்தது. மின்கம்பக் கோபுரங்கள் முறிந்து சரிந்து கிடக்கும், இரும்பு கறுப்பாக நீட்டிக்கொண்டு நிற்கும். தொட்டால் பொறி பறந்து இதழ் கருகும். அம்மா வளைந்து வளைந்து இரண்டு மூன்று இடத்தைக் கடந்தார். ஒரு இடத்தில் கோபுரம் ஒன்று கண் முன்னாலேயே முறிந்து விழுந்தது. இடி. பேஸ் பெட்டி செற்றியையே அதிரவைத்தது. இதழ்கள் பாதி கருகிப்போயின. "பிள்ளை, நிப்பாட்டு" என்றார் அம்மா. ஸ்டார்ட்டை அமர்த்தத் தெரிந்தவர்தான். ஆனாலும் என்னிடம் நீட்டினார்.

நான் நிறுத்தினேன். 1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி இரவில், யாழ்ப்பாணத்து வலிகாமத்துச் சனம் முழுதும் போரால் இடம்பெயர்ந்து மழைக்குள் நடந்தபோது நாங்களும் நாவற்குழிப் பாலத்தடியில் மணிக்கணக்காக நின்றோம். அம்மா அதைப் பற்றிப் பேசுகிறவர் இல்லை, அன்றைக்கும் பேசவில்லை. சமையலறைக்குப் போய்ப் பாத்திரம் கழுவினார். ஒரு கிழமைக்கு மேல் அந்தக் கேம் போடப்படவில்லை. அப்பா ஒரு பழைய படத்தைப் போட்டார், பாதியில் நிற்பாட்டினார்.

ஒன்பதாம் நாளோ பத்தாம் நாளோ தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டு, "அந்த இடத்தில இருந்துதான் தொடங்குமோ, இல்லாட்டி முதல்ல இருந்தோ?" என்று கேட்டார். அந்தக் கட்டத்தின் தொடக்கத்திலிருந்து என்றேன். "சரி, போடு." அன்றைக்கு அவர் ஒரு தடவையும் நிறுத்தவில்லை. கருகியது கருகட்டும் என்று மிச்ச இதழ்களைக் கூட்டிக்கொண்டு போனார். ஆறாவது கனவில் அந்த இதழ்களே ஒளியாகி, இரும்பை மோதி உடைத்துக்கொண்டு நகரத்துக்குள் புகுந்து, தெரு தெருவாக நிறம் ஏற்றும். அம்மாவின் மணிக்கட்டு அங்கேதான் முதல்முறையாக வேகமாக ஆடியதைப் பார்த்தேன். ஒரு இரும்புத் தூணையும் மிச்சம் வைக்கவில்லை. போய்த் திரும்பிவந்து, விட்டுப்போன ஒன்றையும் தேடி உடைத்தார்.

முடிவில் பெயர்கள் வரும். அதையும் அவர்கள் ஒரு வெளியாகச் செய்திருக்கிறார்கள். ஒவ்வொரு பூவைத் திறந்தாலும் அதைச் செய்தவர்களின் பெயர் ஒன்று வரும். கடைசி எழுத்துப் போகும்வரை கொட்டகையை விட்டு எழும்பாத மனிதர் என் அப்பா. அம்மா பூவைத் திறக்கத் திறக்க அவர் ஒவ்வொரு பெயராகச் சத்தமாக வாசித்தார். 2013 கடைசியில் ஸ்மித்சோனியன் அமெரிக்கக் கலைக்கூடம் இந்தக் கேமைத் தன் நிரந்தரச் சேகரிப்பில் சேர்த்தது என்ற செய்தியை நான் வாசித்துச் சொன்னபோது, அப்பா வீட்டுக்கு வந்த எல்லாருக்கும் அதைச் சொன்னார். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அவருக்கு அது முதலே தெரிந்த விஷயம் போல இருந்தார்.

அந்தப் பிள்ளை

அதே டிஸ்க்கில் இருந்த இன்னொன்று ஜேர்னி. அதன் இசை 2012 டிசம்பரில் கிராமி விருதுப் பட்டியலில் இடம்பிடித்தது. திரை இசைக்கான பிரிவில் ஒரு கேமின் இசை வந்தது அதுதான் முதல்முறை. ஒரே இருப்பில் விளையாடினால் ஏறக்குறைய இரண்டு மணித்தியாலம், ஒரு படத்தின் நீளம். அப்பாவுக்கு அது போதும். விளக்கை அணைத்து, "இண்டைக்குப் படம் போடுவமா?" என்று அவர் கேட்டால் அது ஜேர்னிதான். இதற்கு இரண்டு பெருவிரலும் தனித்தனியாக வேலை செய்யவேண்டும், சுளகுப் பிடி மட்டும் போதாது. ஆகவே நடக்கிறது அம்மா, பார்வையைத் திருப்புகிறது நான் என்று ஒரே கொன்ட்ரோலரை இருவரும் ஆளுக்கொரு கையால் பிடித்துக்கொண்டு தொடங்கினோம். இரண்டு மாதத்தில் என் கை தேவைப்படவில்லை.

பாலைவனத்தில் நடந்துபோகும்போது திடீரென்று இன்னொரு உருவம் வரும். அது உலகத்தில் எங்கேயோ இருந்து அதே நேரம் விளையாடுகிற உண்மையான ஒரு ஆள். பேச முடியாது, பெயர் தெரியாது. ஒரு பொத்தானை அமர்த்தினால் பறவை மாதிரி ஒரு ஒலி எழும், அவ்வளவுதான் பாஷை. பக்கத்தில் ஒட்டி நின்றால் இருவரின் சால்வையிலும் ஒளி ஏறும். அம்மாவுக்கு அந்த உருவம் முதல் நாளிலிருந்தே 'அந்தப் பிள்ளை'தான். "பொறு, அந்தப் பிள்ளை பின்னுக்கு நிக்குது" என்று நின்றுவிடுவார். கடைசியில் பனிமலை ஏறும்போது, காற்று இருவரையும் பின்னுக்குத் தள்ளும். அம்மா கல்லுக்குப் பின்னால் ஒதுங்கி, அந்தப் பிள்ளை வந்து ஒட்டிக்கொள்ளும்வரை அசையமாட்டார். முடிந்த பிறகுதான் வழியில் சந்தித்தவர்களின் பெயர் திரையில் வரும், ஏதோ எழுத்தும் இலக்கமுமாக. அப்பா அதை ஒரு கொப்பியில் எழுதி வைத்தார். அந்தக் கொப்பி இன்னும் இருக்கிறது. இருபத்தேழு பெயர்.

இதை எழுதும்போது ஒரு கேள்வி வரும் என்று தெரியும்: இப்போது எல்லா அம்மாக்களின் கையிலும் ஃபோன் இருக்கிறது, அதில் கேம் இல்லையா? இருக்கிறது. என் அம்மாவும் ஃபோனில் சொல் அடுக்குகிற ஒன்றை விளையாடுகிறார். ஆனால் அதை அவர் தனியாக, கட்டிலில், ஒரு சாய்வில் கிடந்து விளையாடுகிறார். மூன்று நிமிடத்துக்கு ஒரு விளம்பரம் வந்து குறுக்கே நிற்கிறது. அதை ஒருவரும் பக்கத்தில் இருந்து பார்ப்பதில்லை. "அந்த மூலையில ஒண்டு விட்டிட்டீர்" என்று சொல்ல அங்கே ஆள் இல்லை. கேம் என்பது வீட்டில் எல்லாரும் கூடுகிற அறைக்குள், எல்லாரும் பார்க்கிற திரையில், பழகிய சாமான் ஒன்றின் வழியாக வந்ததுதான் எங்கள் வீட்டில் எல்லாவற்றையும் மாற்றியது. நான் உறுதியாகவே சொல்கிறேன், அந்த இடம் முக்கியம்.

2020 இல் வந்த பிளேஸ்டேஷன் 5 இலேயே டிஸ்க் இல்லாத ஒரு வகை இருந்தது. 2024 நவம்பரில் வந்த அதன் புரோ வகை, டிஸ்க் போடுகிற வாய் இல்லாமல்தான் வருகிறது. படம் ரீவிக்குள்ளேயே வந்துவிட்டது. இனி யாரும் படத்துக்காகக் கேம் பெட்டி வாங்கப் போவதில்லை. கேம் வேண்டும் என்று முதலே தெரிந்தவர்கள்தான் வாங்குவார்கள். தெரியாதவர்களிடம் அது போய்ச் சேர இருந்த ஒரு வழி இப்படி மூடப்படுகிறது, யாரும் மூடவேண்டும் என்று நினைக்காமலே. நண்பரின் தாயும் ஓய்வுபெற்ற ஒரு ஆசிரியை. அவருக்கு நான் என்ன சொல்லியிருக்கவேண்டும்? அடுத்த முறை நண்பரைக் கண்டால் சொல்லப்போகிறேன்: ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்களை எங்கள் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வாருங்கள், தேத்தண்ணிக்கு.

கடைக்குப் போய்வந்த அன்று இரவு அம்மா கேட்டார், "என்ன வாங்கினவையே?" என்று. இல்லை, புதுசில் டிஸ்க் போட இடமில்லையாம் என்றேன். அம்மா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு எழும்பிப்போய், ரீவிக்குக் கீழே பெட்டிக்கு மேல் போட்டிருக்கிற பின்னல் துணியை மடித்து வைத்துவிட்டு, டிஸ்க்கை வெளியே எடுத்தார். கண்புரை எடுத்த கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்து, விளக்கு வெளிச்சத்தில் சரித்துச் சரித்துக் கீறல் பார்த்தார். தன்னுடைய பழைய நூல்சேலைத் துண்டொன்றால் நடுவிலிருந்து ஓரத்துக்கு, நடுவிலிருந்து ஓரத்துக்கு என்று துடைத்தார். "அப்ப உதைக் கவனமா வச்சிருக்கோணும்" என்று சொல்லிவிட்டு, திரும்ப உள்ளே போட்டார்.